கூட்டக் குறிப்பேடும் கைப்பேசியும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாளில், 2025 செப்டம்பர் 18 அன்று, சாத்தாங்காட்டில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்கள் கைப்பேசியில் பதிவு செய்வது பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் மன்றத் தோழர்கள் சிலர் யோசித்தார்கள். இது தகவல் உரிமைப் பயிற்சி வகுப்புக்கு உரிய பொருளாயிற்றே, இலக்கிய மன்றத்தின் மேடைக்கு எப்படிப் பொருந்தும் என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். நடந்ததை யார் எழுதுகிறார்கள், யாருடைய எழுத்து செல்லுபடியாகிறது என்பது தலித் இலக்கியத்தின் அடிப்படைக் கேள்வி. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும் இதே சென்னையில் அந்தக் கேள்வியோடுதான் அச்சுக்கு வந்தார்கள். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்ததை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானப் புத்தகமும் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதி வைக்கும் புத்தகம்தான். அதனால் இது இந்த மேடைக்கு உரிய பொருள் என்றே நினைக்கிறேன்.

சீனிவாசன் காலமாகி இன்றோடு 80 ஆண்டுகள் நிறைகின்றன. 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம், செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வெளிவந்தது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றில் எந்த வகுப்பாரும் நடக்கலாம், புழங்கலாம் என்று அது அறிவித்தது. நாம் வழக்கமாகச் சாலையையும் கிணற்றையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதே பட்டியலில் பொது அலுவலகங்களும், பொதுக் காரியம் நடக்கும் இடங்களும் கட்டடங்களும் இருந்தன. ஊர்க் காரியம் பேசி முடிவெடுக்கும் கூடத்துக்குள் நம் ஆள் போய் நிற்கலாமா என்பதும், தெருவில் நடக்கலாமா என்ற கேள்விக்குச் சமமான கேள்வியாக அன்றைக்கு இருந்தது. அந்தக் கூடத்துக்குள் நுழையும் உரிமையை அவர் கேட்டு வாங்கினார். நுழைந்த பிறகு அங்கே நடப்பதைப் பதிவு செய்யும் உரிமையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது.

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடச் சொன்னது. அதன்படி 1924 ஜனவரியில் மஹாட் நகராட்சி, சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் புத்தகத்தில் இருந்தது. குளத்தில் யாரும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று அந்த நகராட்சி தன் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ரத்து செய்தது. போட்டதும் உள்ளாட்சிக் கூட்டம், கிழித்ததும் உள்ளாட்சிக் கூட்டம். அந்த இரண்டு கூட்டங்களிலும் இன்னின்ன உறுப்பினர் இன்னின்ன வார்த்தை பேசினார் என்று தெரிந்தால் சாதியைப் பற்றி நாம் எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம். தீர்மானப் புத்தகம் முடிவைச் சொல்லும். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், யார் வாயை அடைத்தார்கள், யார் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அது சொல்லாது.

தரையில் உட்கார்ந்தவர்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2020 அக்டோபரில் ஒரு படம் வெளியானது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவர் ராஜேஸ்வரி, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டம் நடந்தது ஜூலையில். ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் அந்த ஊராட்சியின் கணக்குப்படி அது ஒரு சாதாரணக் கூட்டம். படம் வெளியே வந்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து எத்தனை முறை புரட்டினாலும் நாற்காலியைப் பற்றி ஒரு வரி இருக்காது. ‘தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது’ என்பதுதானே எல்லா ஊரிலும் எழுதும் வழக்கமான வாசகம்?

இரண்டாவது சம்பவம் 2023 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே பிள்ளையார்குளம் ஊராட்சியின் கிராம சபை. சட்டமன்ற உறுப்பினர் இருக்கும்போதே, கேள்வி கேட்ட ஒரு விவசாயியை ஊராட்சிச் செயலர் காலால் உதைத்தார். கூட்டத்தில் இருந்தவர்களின் கைப்பேசியில் அது பதிவாகி நாடெங்கும் பரவியது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவானது. அந்தப் பதிவு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ‘கூட்டத்தில் சலசலப்பு ஏற்பட்டது’ என்று மறுநாள் ஒரு மூலையில் இரண்டு வரிச் செய்தி வந்திருக்கும். உதைபட்டவர் மீதே ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்’ என்று ஒரு மனுவும் போயிருக்கலாம்.

இந்த இடத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் வடிவத்தில், 3(1)(எம்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊராட்சியிலோ நகராட்சியிலோ உறுப்பினராக, தலைவராக, வேறு பொறுப்பில் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்களுடைய கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றம். 3(1)(ஆர்) பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. இந்த வழக்குகள் எங்கே விழுகின்றன என்பது நமக்குத் தெரியும். கூட்டத்தில் இருந்த 50 பேரும் ‘நான் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தேன்’ என்பார்கள். சாட்சி பிறழும் நாட்டில், பிறழாத சாட்சியாகக் கைப்பேசி வந்திருக்கிறது. இதே சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, இந்தக் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. வழக்கு நடப்பதைப் பதிவு செய்யச் சட்டம் சொல்கிறது. குற்றம் நடக்கும் கூட்டத்தைப் பதிவு செய்ய எந்த விதியும் நமக்குக் கைகொடுக்கவில்லை.

சட்டத்தில் என்னதான் இருக்கிறது? திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் தனி நகராட்சிகளாக இருந்தபோது, அவை 1920ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தின் கீழ் இருந்தன. நகர்மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், யாரையாவது வெளியே போகச் சொல்வதானால் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிலைப்பாடு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்கூடக் காரணத்தை எழுதிவிட்டு வெளியேற்று என்றுதான் சொன்னது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4(1)(பி) பிரிவில், ஒவ்வொரு பொது அமைப்பும் தன்னுடைய மன்றங்கள், குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்று தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பார்க்கலாம், குறிப்பைக் கேட்கலாம் என்ற அளவுக்குச் சட்டம் வந்திருக்கிறது. பார்ப்பதைப் பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு நம் உள்ளாட்சிச் சட்டங்கள் நேராகப் பதில் சொல்வதில்லை.

சட்டம் பேசாத இடத்தில் தலைவர் பேசுகிறார். ‘போனை உள்ள வை’ என்கிறார். ‘யார் பர்மிஷன் குடுத்தா’ என்கிறார். கொஞ்சம் விவரம் தெரிந்த அதிகாரி, அலுவலக ரகசியச் சட்டம் என்று பயம் காட்டுவார். 1923ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் படைத்தளம், ஆயுதக் கிடங்கு போன்ற தடை செய்யப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசுவது. காவல் நிலையம்கூட அந்தப் பட்டியலில் வராது, அங்கே ஒளிப்பதிவு செய்தது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையமே வராதபோது, எல்லாரையும் வாருங்கள் என்று கூப்பிட்டு நடத்தும் கிராம சபை எப்படி வரும்?

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மாமன்றக் கூட்டத்தில் நாம் பார்வையாளர். கிராம சபையில் நாம் பார்வையாளர் இல்லை. அரசியல் சட்டத்தின்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அவர்தான் சபை. ஒரு சபையின் உறுப்பினர் தன் சபையில் நடப்பதைக் குறித்து வைத்துக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நோட்டில் எழுதுகிறவரிடம் யாரும் அனுமதி கேட்கச் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்கு அவருடைய கைப்பேசிதான் நோட்டு. அதை உள்ளே வை என்பது, படித்தவர் குறிப்பெடுக்கலாம், படிக்காதவர் எடுக்கக் கூடாது என்று சொல்வதற்குச் சமம்.

இனி நம் பகுதிக்கு வருகிறேன். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. அதுவரை பேருந்து ஏறிப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரத்தில் நமக்கு ஒரு மன்றம் இருந்தது. பிறகு மன்றம் ரிப்பன் மாளிகைக்குப் போனது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த மாநகரத்தில் மாமன்றமே இல்லை. அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். கேட்பதற்கு ஒரு கூட்டம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட நகரத்தில் 2022 மார்ச்சில் வடசென்னையிலிருந்து ஒரு தலித் பெண் மேயராக வந்தார். பிரியா ராஜன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நமக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு சேர்த்து, அந்த அவைக்குள் நடப்பது நம் வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வியும் நமக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று போன மாதம் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க ஜூன் மாதம் மாமன்றம் தீர்மானம் போட்டது. ஆகஸ்ட் 1 முதல் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவு போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் நம் மக்கள். தனியார்மயம் சரியா தவறா என்பது இன்னொரு நாள் பேச வேண்டியது. இன்றைக்கு நான் கேட்பது வேறு. தங்கள் வேலையைப் பற்றி முடிவெடுத்த அந்தக் கூட்டத்தில் யார் கேள்வி கேட்டார்கள், யார் பேசாமல் கை தூக்கினார்கள், தங்கள் வார்டு கவுன்சிலர் என்ன சொன்னார் என்பதை அந்தத் தொழிலாளர்கள் எல்லாம் முடிந்த பிறகா தெரிந்துகொள்ள வேண்டும்? ஜூன் மாதமே அவர்கள் தங்கள் கைப்பேசியில் அந்த விவாதத்தைக் கேட்டிருந்தால், தங்கள் கவுன்சிலர் வீட்டு வாசலில் ஜூன் மாதமே போய் நின்றிருப்பார்கள். ஆகஸ்ட் நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

கூட்டத்தை ஒளிப்பதிவு செய்வது வடசென்னைக்குப் புதிதும் இல்லை. இங்கே ஒரு தொழிற்சாலை வருவதானால், அனல் மின் நிலையம் விரிவாவதானால், கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அந்தக் கூட்டம் முழுவதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒளிப்பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவின் பிரதியைக் கூட்ட நடவடிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்கிறது. கூட்டத்தின் முடிவில் அன்றைய கருத்துகளின் சுருக்கத்தை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. 2024 டிசம்பரில் எண்ணூர் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்கு எர்ணாவூரில் நடந்த கூட்டத்தில் நம்மில் பலர் இருந்திருப்பீர்கள். ஆக, பல ஆயிரம் கோடி முதலீட்டுக்கு ஒப்புதல் வாங்க வேண்டுமானால் கேமரா கட்டாயம். நம் தெருவின் கால்வாய்க்கும் குடிநீருக்கும் பட்டாவுக்கும் நடக்கும் கூட்டத்தில் கேமரா என்றால் ‘யாரைக் கேட்டு’ என்கிறார்கள்.

எதிர்வாதங்களையும் பார்த்துவிட வேண்டும். கேமரா இருந்தால் உறுப்பினர்கள் நடிப்பார்கள் என்பது ஒன்று. நடிக்கட்டும். நாடாளுமன்றம் நேரலையில் வருகிறது. அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை நேரலை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, 2022 செப்டம்பரில் தொடங்கியும் விட்டது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அதைத் தாங்கிக்கொண்டால் கவுன்சிலரும் தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிர்வாதம் அவ்வளவு எளிதானது இல்லை. அது நமக்குள்ளிருந்தே வருகிறது. கைப்பேசி நம் கையில் மட்டும் இல்லை, ஆதிக்க சாதிக்காரர் கையிலும் இருக்கிறது. சேரியிலிருந்து எழுந்து மயானப் பாதை கேட்ட பெண்ணை அவர் படம் பிடித்து வைத்துக்கொள்வார். நாளைக்கு அவருடைய வயலில் அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்காது. பேச்சின் நடுவில் பத்து விநாடியை வெட்டி எடுத்து, கேலியாகப் பாட்டுப் போட்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் விடுவார்கள். தெற்குத் திட்டைப் படமும் இப்படி யோசிக்க வைக்கிறது. நியாயம் கேட்க அந்தப் படம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு பெண் அவமானப்பட்ட நிமிடம் என்றைக்கும் இணையத்தில் தேடினால் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. அவருடைய பதவிக்காலத்தில் அவர் செய்த வேலை எதுவும் அப்படித் தேடினால் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. இந்த வலியை ஒதுக்கிவிட்டுப் பதிவுரிமை பேசக் கூடாது.

ஆனாலும் இதற்கு விடை கைப்பேசியைத் தடை செய்வது அல்ல என்றே நினைக்கிறேன். சிறிய ஊரில் யார் பேசினார்கள் என்பது படம் இல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வேலை தராமல் இருக்க அவர்களுக்கு வீடியோ தேவைப்படுவதில்லை. பேசியது யார் என்பது ஒளிக்க முடியாதது, தடுத்தது யார் என்பது நிரூபிக்க முடியாதது: தடை இருக்கும் ஊரில் நம் நிலைமை இதுதான். தடை போட்டால் நமக்குப் பாதுகாப்பு கூடாது, ஆதாரம் மட்டும் போய்விடும். நமக்கு வேண்டியது எழுதப்பட்ட விதி. பதவியில் இருப்பவர் முகத்துக்கு ஒரு விதி, மனு கொண்டுவரும் எளியவர் முகத்துக்கு வேறு விதி.

வேறு நாடுகளில் இதை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பது உதவும். 2011இல் வேல்ஸில் கார்மார்தன்ஷையர் உள்ளாட்சி மன்றத்தைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கைப்பேசியில் படம் பிடித்த ஒரு பெண்ணைப் போலீஸ் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனது. பிரிட்டனில் அப்போது அது பெரிய விவாதமானது. இங்கிலாந்தில் 2014 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்பின் திறந்த கூட்டங்களை யாரும் படம் பிடிக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், அங்கிருந்தே சமூக ஊடகத்தில் எழுதலாம். கூட்டம் நடக்கும்போது உள்ளேயிருந்து சத்தமாக வர்ணனை செய்வதற்கு மட்டும் உரிமை தரப்படவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுன் சட்டம் இருக்கிறது. அதன் இன்றைய வடிவத்தில், கூட்டத்துக்கு வந்த எவரும் பதிவு செய்யலாம். சத்தம், வெளிச்சம், பார்வையை மறைத்தல் ஆகிய காரணங்களால் கூட்டம் தொடர்ந்து கெடுகிறது என்று மன்றம் முடிவு செய்தால் மட்டுமே நிறுத்தலாம். இரண்டு இடத்திலும் உரிமை பொதுவானது, தடைக்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். நம் ஊரில் தலைகீழாக, பதிவு செய்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய முதல் மக்கள் விசாரணையில், ஊராட்சிப் பணிகளின் வருகைப் பட்டியலையும் ரசீதுகளையும் மக்கள் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலி தங்களுக்கு வரவில்லை என்று மக்கள் அங்கேயே சொன்னார்கள். பதிவேடு மக்கள் முன்னால் வந்ததும் பதிவேட்டின் பொய் வெளுத்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. இன்றைக்கு ஒன்றிய அரசே கிராம சபையின் ஒலி, ஒளிப்பதிவிலிருந்து செயற்கை நுண்ணறிவு மூலம் கூட்டக் குறிப்பு தயாரிக்கும் ‘சபாசார்’ என்ற கருவியைப் போன மாதம் அறிமுகப்படுத்தியிருக்கிறது. கூட்டத்தைப் பதிவு செய்யலாம் என்பதை அரசு தனக்காக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே உரிமை சபையின் உறுப்பினருக்கும் உண்டு என்று எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

நான் முன்வைக்கும் விதிகள் இவை. குறை இருந்தால் திருத்துங்கள்.

ஒன்று: கிராம சபையிலும் நகரத்தின் பகுதி சபையிலும் வந்திருக்கும் எவரும் முன் அனுமதி இல்லாமல் ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம். மாமன்றத்தில் பார்வையாளர் மாடத்திலிருந்து செய்யலாம். கூட்டம் தொடங்கும்போது இதைத் தலைவர் அறிவிக்க வேண்டும்.

இரண்டு: நிறுத்தச் சொல்வதானால் சத்தம், வெளிச்சம், மறைத்தல் ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டும். காரணத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

மூன்று: யாருடைய கைப்பேசியையும் பிடுங்கவோ பதிவை அழிக்கவோ தலைவருக்கும் ஊழியருக்கும் அதிகாரம் இல்லை.

நான்கு: மக்கள் பிரதிநிதி, அதிகாரி, ஒப்பந்ததாரரின் ஆள் ஆகியோர் பேசும்போது படம் எடுக்காதே என்று சொல்ல முடியாது. தன் சொந்த விஷயத்துக்காக, அதாவது குடும்ப வன்முறை, நோய், கடன், பட்டா போன்றவற்றுக்காகப் பேச வரும் பொதுமக்கள், முகத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டால் எல்லோரும் கேமராவைத் திருப்பிவிட வேண்டும். குழந்தைகள் முகம் கூடாது.

ஐந்து: உள்ளாட்சி அமைப்பே முழுக் கூட்டத்தையும் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும், கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய துண்டு பரவினால் முழுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி.

ஆறு: அந்த அதிகாரபூர்வப் பதிவு, கூட்டம் தொடங்கும்போது அறை முழுவதையும் ஒரு முறை சுற்றிக் காட்ட வேண்டும். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு நாற்காலி இருக்கிறது என்பது பதிவாகட்டும். இங்கிலாந்து விதியிலும் கலிபோர்னியா சட்டத்திலும் இதை எழுத வேண்டிய தேவை வரவில்லை. நமக்கு வந்திருக்கிறது.

ஏழு: பதிவு செய்ததற்காக மிரட்டினால், தாக்கினால், அது வழக்காக வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும்.

இதெல்லாம் அரசாணையாக வந்தால் நல்லது. அரசாணை மட்டும் போதாது என்பதையும் மஹாட் நமக்குச் சொல்லியிருக்கிறது. 2020 சுதந்திர தினத்தில், நமக்கு வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆத்துப்பாக்கத்தில், தலித் பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் போனது. செய்தி வெளியான பிறகு ஐந்தாம் நாள் மாவட்ட ஆட்சியர் அவரைக் கொடியேற்ற வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்தும், 2022இல், தலித் ஊராட்சித் தலைவர்கள் பாகுபாடில்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆணைகள் இருக்கும் நாட்டில்தான் இதெல்லாம் நடந்தது. ஆணையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்கள் ஊருக்குள் இருக்க வேண்டும்.

அதனால் கடைசியாக வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் இருக்கின்றன. பகுதி சபை கூட வேண்டிய நாட்களில் ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை உண்டு என்று விதி சொல்கிறது. ஏப்ரல் 14 அண்ணலின் பிறந்த நாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள். அடுத்தது டிசம்பர் 10. அன்றைக்கு உங்கள் பகுதி சபை எங்கே, எத்தனை மணிக்கு என்று நவம்பரிலேயே கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், தெருவுக்கு நாலு பேராகப் போங்கள். மேலே சொன்ன ஏழு விதிகளையும் ஒரு மனுவாகக் கொடுத்து, இந்தச் சபை இதை ஏற்கிறது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவு செய்கிற தம்பி தங்கைகளுக்கு இரண்டு விஷயம். முழுக் கூட்டத்தையும் எடுங்கள், சண்டை வந்த நிமிடத்தை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த கோப்பை அந்தக் கைப்பேசியிலேயே மாற்றாமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது பிரதிதான். நீதிமன்றத்துக்குப் போனால் பிரதிக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதைச் சொல்கின்றன. எடுத்தவரே கூண்டில் ஏறி அந்த அசல் கருவியை ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல், பழைய சட்டத்தை வைத்து, உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. எதை இணையத்தில் போடுவது, எதை வக்கீலிடம் மட்டும் கொடுப்பது என்பதை, அந்தப் படத்தில் அவமானப்பட்டு நிற்கிறவரிடம் முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் போடாதீர்கள். வழக்குக்குக் கொடுங்கள். ஊர் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்க்கட்டும்.

பொதுக் காரியம் நடக்கும் கட்டடத்துக்குள் நாம் போகலாம் என்று 101 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எழுதி வாங்கிக் கொடுத்தார். டிசம்பர் 10 அன்று அந்தக் கட்டடத்துக்குள் போய், அன்றைய கூட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை பதிவு செய்து வருவோம்.